கொழும்புப் பாதுகாப்பு மாநாடு: அயல் நாடுகள் கூடிப் பேசுவது என்ன?

நீண்டதொரு மேசை. அதைச் சுற்றிக் கோட் அணிந்த சிலர். பின்னால் வரிசையாக நாட்டுக் கொடிகள். படத்தின் கீழே, "பிராந்தியப் பாதுகாப்பு ஒத்துழைப்புக் குறித்துக் கலந்துரையாடப்பட்டது" என்று ஒரு வரி. பத்திரிகைகளில் இத்தகைய செய்தி மாதம் ஒரு தடவையாவது வருகிறது. வாசிப்பவர்களோ மிகக் குறைவு. "கலந்துரையாடப்பட்டது" என்ற சொல்லே நித்திரையை வரவழைக்கக் கூடியது. ஆனால் அந்த மேசைகளுள் ஒன்று நம் நாட்டுத் தலைநகரின் பெயரையே தாங்கியிருக்கிறது. கொழும்புப் பாதுகாப்பு மாநாடு என்பது அதன் பெயர். உயர்தரத்தில் அரசறிவியல் படிப்போருக்குப் பரீட்சைக்கும் உதவும் என்பதால் மட்டுமன்றி, கடலோரத்தில் வாழும் குடும்பங்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விடயம் என்பதாலும் அதைப் பற்றி இங்கு எழுதுகின்றேன்.

முதலில் கடலின் அளவைச் சொல்ல வேண்டும். இலங்கையின் நிலப்பரப்பு 65,610 சதுர கிலோமீற்றர். இதை முதலாந் தரத்துப் பிள்ளையைத் தவிர எல்லோரும் அறிவோம். நமக்குரிய பிரத்தியேகப் பொருளாதார வலயம், அதாவது மீன் பிடிக்கவும் கனிமம் எடுக்கவும் நமக்கு உரிமையுள்ள கடற்பரப்பு, ஏறத்தாழ 517,000 சதுர கிலோமீற்றர். நிலத்தைப் போல எட்டு மடங்கு. அத்தோடு முடிவதில்லை. கடலில் ஆபத்தில் சிக்கியோரைத் தேடி மீட்கும் பொறுப்புச் சர்வதேச ஏற்பாட்டின்படி நமக்கு ஒதுக்கப்பட்ட பரப்பு நிலத்தைப் போல 27 மடங்கு. இருபத்தேழு இலங்கைகள் கொள்ளும் கடலை நமது கடற்படைக் கப்பல்கள் மட்டும் காவல் செய்ய முடியுமா? மாலைதீவுக்கு நிலை இன்னும் கடினம். ஏறத்தாழ 1,190 தீவுகள். அவற்றுள் மக்கள் வாழ்பவை இருநூறுக்கும் குறைவு. தேவேந்திர முனைக்குத் தெற்கே கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் பெரும் கப்பற் பாதை செல்கிறது. பாரசீக வளைகுடாவில் ஏற்றிய எண்ணெயும் சீனாவில் செய்த பொருட்களும் நம் வாசலைத் தாண்டியே போகின்றன.

அயலவரின் உதவி ஏன் தேவை என்பதை அம்பாறை மாவட்டத்துக் கடலோர மக்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2020 செப்டெம்பர் 3ஆம் திகதி, சங்கமன்கண்டிக்கு அப்பால் ஏறத்தாழ 38 கடல் மைல் தொலைவில் 'நியூ டயமண்ட்' என்ற எண்ணெய்க் கப்பல் தீப்பற்றியது. குவைத்திலிருந்து இந்தியாவின் பாரதீப் துறைமுகத்துக்குச் சென்று கொண்டிருந்த அக்கப்பலில் ஏறத்தாழ 270,000 தொன் மசகு எண்ணெய் இருந்தது. பொத்துவில் தொடக்கம் கல்முனை வரை மீனவர்கள் கடலைப் பார்த்துக் கொண்டிருந்த நாட்கள் அவை. அந்த எண்ணெய் கசிந்திருந்தால் கரைவலைக்காரர் ஒரு தலைமுறைக்கு வலையைச் சுருட்டி வைத்திருக்க வேண்டியிருக்கும். கப்பலில் இருந்த 23 பேரில் ஒருவர் உயிரிழந்தார். இலங்கைக் கடற்படையும் விமானப் படையும் தீயணைக்க இறங்கின. இந்தியக் கரையோரக் காவல் படையின் கப்பல்களும் விமானங்களும் வந்து சேர்ந்தன. ஒரு தடவை அணைத்த தீ மீண்டும் மூண்டது. ஒரு வாரமளவில் அது முற்றாக அடங்கியது. கப்பலின் எரிபொருளில் சிறிதளவு கசிந்ததே தவிர, மசகு எண்ணெய்த் தாங்கிகள் தப்பின.

இந்த உதவி ஒரே நாளில் தொலைபேசியில் ஒழுங்கு செய்யப்பட்டதன்று. 'தோஸ்தி' என்றொரு கடற்பயிற்சி உண்டு. உருது, ஹிந்தி மொழிகளில் நட்பு என்று பொருள். 1991இல் இந்தியாவும் மாலைதீவும் தொடங்கிய அப்பயிற்சியில் இலங்கை 2012இல் இணைந்தது. தீயணைத்தல், எண்ணெய்க் கசிவைக் கட்டுப்படுத்தல், மூழ்குவோரை மீட்டல் என்பவற்றை மூன்று நாட்டவரும் சேர்ந்து செய்து பார்ப்பார்கள். எந்த அலைவரிசையில் பேசுவது, யார் கட்டளையிடுவது என்பதை முன்கூட்டியே தீர்மானித்திருந்தால்தான் உண்மையான தீயின் முன்னால் வாக்குவாதம் நடக்காது.

இனி மாநாட்டின் வரலாற்றுக்கு வருவோம். 2011இல் இந்தியா, இலங்கை, மாலைதீவு ஆகிய மூன்று நாடுகளின் பாதுகாப்பு உயரதிகாரிகள் மாலேயில் சந்தித்தார்கள். கடல்சார் பாதுகாப்புப் பற்றிய முத்தரப்புப் பேச்சு என்பதே அன்று அதன் பெயர். 2013இல் கொழும்பிலும் 2014இல் புதுடில்லியிலும் கூடினார்கள். பின்னர் ஆறு வருடங்கள் ஒன்றுமில்லை. மாலைதீவில் அப்துல்லா யாமீன் ஜனாதிபதியாக இருந்த காலத்தில் இந்தியாவுடனான உறவு கசந்தமை அதற்கு முக்கிய காரணம். கொரோனாவுக்கு நடுவே, 2020 நவம்பர் இறுதியில், கொழும்பில் பேச்சு மீண்டும் தொடங்கியது. இந்தியாவின் தேசிய பாதுகாப்பு ஆலோசகர் அஜித் டோவாலும் மாலைதீவின் பாதுகாப்பு அமைச்சர் மரியா தீதியும் நேரில் வந்தார்கள். இதன் பிறகே 'கொழும்புப் பாதுகாப்பு மாநாடு' என்ற பெயர் ஏற்பட்டது. 2022 மார்ச்சில் மாலேயில் நடந்த ஐந்தாவது கூட்டத்தில் மொரிஷியஸ் நான்காவது உறுப்பு நாடாயிற்று. 2024இல் பங்களாதேஷ் ஐந்தாவது. 2025 நவம்பர் 20ஆம் திகதி புதுடில்லியில் நடந்த ஏழாவது கூட்டத்தில் சீஷெல்ஸ் ஆறாவதாக இணைந்தது. மலேசியா விருந்தினராக வந்திருந்தது.

இங்கே ஒரு கேள்வி எழலாம். சார்க் என்ற அமைப்பு ஏற்கனவே இருக்கிறதே, இன்னொன்று எதற்கு? 1985 டிசம்பர் 8ஆம் திகதி டாக்காவில் தொடங்கிய சார்க்கின் பட்டயத்திலேயே இதற்கு விடை இருக்கிறது. எல்லாத் தீர்மானங்களும் ஏகமனதாக எடுக்கப்பட வேண்டும், இரு நாடுகளுக்கிடையிலான பிணக்குகளும் சர்ச்சைக்குரிய விடயங்களும் பேசப்படக் கூடாது என்று அது கூறுகிறது. இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே வகுப்பில் இருக்கும்போது இந்த இரண்டு விதிகளும் சேர்ந்தால் என்னவாகும்? 1987இலேயே பயங்கரவாதத்தை ஒடுக்குவதற்கான சார்க் உடன்படிக்கை கைச்சாத்தாகியது. ஆயினும் ஒருவர் பயங்கரவாதி என்பவரை மற்றவர் அப்படி அழைக்கவில்லை. 2014இல் காத்மண்டுவில் நடந்த உச்சி மாநாட்டோடு சரி. 2016இல் இஸ்லாமாபாத்தில் நடக்கவிருந்தது நடக்கவேயில்லை. பெரிய வீட்டுக் கல்யாணம் குழம்பியபோது, பேசக்கூடிய சிலர் பக்கத்து அறையில் தனியாக அமர்ந்து கொண்டார்கள் என்று இதைச் சொல்லலாம்.

இம்மாநாட்டில் அமர்வோர் வெளிநாட்டு அமைச்சர்கள் அல்லர் என்பது கவனிக்கத் தக்கது. தேசிய பாதுகாப்பு ஆலோசகர்களும் அவர்களுக்குச் சமமான பதவியில் உள்ளோருமே வருகிறார்கள். இலங்கையின் சார்பில் 2020இல் கலந்து கொண்டவர் பாதுகாப்புச் செயலாளர். வெளிநாட்டு அமைச்சுகள் பேசினால் சொல்லுக்குச் சொல் எடைபோட்டு அறிக்கை எழுதுவதிலேயே பாதி நாள் கழியும். இவர்களோ புலனாய்வுத் தகவலைக் கையில் வைத்திருப்பவர்கள், நாட்டின் தலைவரோடு நேரடியாகப் பேசக் கூடியவர்கள். வேலை விரைவாக நடக்கும். அதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அவர்கள் மக்களால் தெரிவு செய்யப்பட்டவர்கள் அல்லர். கதவுக்குப் பின்னால் என்ன பேசினார்கள் என்பது பாராளுமன்றத்துக்கு வருவதும் அரிது. அரைப் பக்க அறிக்கை ஒன்றோடு நாம் திருப்திப்பட வேண்டியிருக்கிறது.

அவர்கள் ஐந்து தூண்கள் என்று ஐந்து துறைகளை வகுத்திருக்கிறார்கள். கடல்சார் பாதுகாப்பு முதலாவது. பயங்கரவாதத்தையும் தீவிரமயமாதலையும் எதிர்த்தல், ஆட்கடத்தலையும் நாடு கடந்த குற்றங்களையும் தடுத்தல், இணையப் பாதுகாப்பு, அனர்த்த நிவாரணம் என்பன ஏனையவை. நேட்டோ போன்ற இராணுவக் கூட்டணி அன்று இது. ஓர் உறுப்பு நாடு தாக்கப்பட்டால் மற்றவை போருக்கு வர வேண்டும் என்ற கடப்பாடு எதுவும் இல்லை. நடைமுறையில் இதன் உயிர்நாடி தகவல்தான்.

கப்பல்களை எடுத்துக் கொள்வோம். சர்வதேசக் கடலில் ஓடும் 300 தொன்னுக்கு மேற்பட்ட வணிகக் கப்பல்கள் தமது பெயரையும் இடத்தையும் வேகத்தையும் தாமாகவே அறிவித்துக் கொண்டிருக்கும் கருவியைப் பொருத்தியிருக்க வேண்டும். ஒரு கப்பல் அதை நிறுத்திவிட்டு நள்ளிரவில் பாதை மாறினால் சந்தேகம் வரும். ஆனால் அது புறப்பட்ட துறைமுகம் ஒரு நாட்டில், பாதை மாறியது இன்னொரு நாட்டின் கடலில், போய்ச் சேருமிடம் மூன்றாவது நாட்டில். மூவரும் தம்மிடமுள்ள துண்டுகளைச் சேர்த்தால்தான் படம் முழுமையாகும். இதற்காக இந்தியா 2018 டிசம்பரில் டில்லிக்கு அருகேயுள்ள குருகிராமில் தகவல் ஒருங்கிணைப்பு நிலையம் ஒன்றைத் திறந்தது. ஹெரோயினும் ஐஸும் நடுக்கடலில் ஒரு படகிலிருந்து பலநாள் மீன்பிடிப் படகுக்குக் கைமாறித்தான் கரைக்கு வருகின்றன. நம் ஊர்ப் பையன்களின் கைக்கு அந்தப் பொருள் எப்படி வருகிறது என்று கவலைப்படும் பெற்றோர், அதன் பயணத்தில் பெரும் பகுதி கடலில் நடக்கிறது என்பதை அறிய வேண்டும்.

தகவல் போகாமல் விட்டால் என்னவாகும் என்பதற்கு 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' கப்பல் சான்று. அதிலிருந்த நைத்திரிக் அமிலக் கொள்கலன் ஒன்று ஏற்கனவே கசிந்து கொண்டிருந்தது. கட்டாரின் ஹமாத் துறைமுகத்திலும் இந்தியாவின் ஹஸீராத் துறைமுகத்திலும் அதை இறக்கித் தருமாறு கேட்கப்பட்டது. இரண்டும் மறுத்தன. கசியும் கொள்கலனோடு கொழும்புக்கு அப்பால் வந்து நின்ற கப்பல், 2021 மே 20ஆம் திகதி தீப்பற்றி, பின்னர் மூழ்கியது. ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகள் கடலில் கலந்தன. கரையொதுங்கிய ஆமைகளின் படங்களை நாம் மறந்திருக்க மாட்டோம். மேற்குக் கரை மீனவர்கள் மாதக் கணக்கில் தொழிலுக்குப் போகவில்லை. 2025 ஜூலையில் நமது உயர் நீதிமன்றம் கப்பல் தரப்பினர் 1 பில்லியன் அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. தீயணைக்க இந்தியாவின் கப்பல்கள் வந்தன என்பது உண்மை. இரண்டு துறைமுகங்கள் வேண்டாம் என்று அனுப்பிய பொருளைப் பற்றி மூன்றாவது துறைமுகத்துக்கு நேரகாலத்தோடு எச்சரிக்கை போகும் ஏற்பாடு இருந்திருந்தால் தீயே பிடித்திருக்குமா என்பதைத்தான் அந்த மேசையில் கேட்க வேண்டும்.

தகவல் வந்தும் பயனில்லாமற் போன கதை இதைவிடக் கொடியது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களில், கொழும்பில் ஹோட்டல்களில், 260க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். பிள்ளைகள் பலர். இந்தியப் புலனாய்வுத் துறையின் எச்சரிக்கை ஏப்ரல் 4ஆம் திகதியே இலங்கைக்குக் கிடைத்திருந்தது. ஏப்ரல் 11ஆம் திகதியிட்ட பொலிஸ் கடிதமொன்றும் சுற்றுக்கு விடப்பட்டிருந்தது. அயல் நாடு தன் பங்கைச் செய்துவிட்டது. இங்கே அது மேசைக்கு மேசை நகர்ந்து கொண்டிருந்தது. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 100 மில்லியன் ரூபா நட்டஈடு வழங்க வேண்டும் என்றும், பாதுகாப்புத் துறை உயரதிகாரிகளும் பொறுப்புக் கூற வேண்டும் என்றும் தீர்ப்பளித்தமை இதனால்தான்.

அப்போது நான் ஐந்தாந் தரத்தில் படித்துக் கொண்டிருந்தேன். அதற்குப் பின் வந்த மாதங்களை இதை வாசிக்கும் எந்த முஸ்லிம் குடும்பத்துக்கும் நான் சொல்லித் தர வேண்டியதில்லை. மே மாதத்தில் குருநாகல், கம்பஹா மாவட்டங்களில் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. பஸ்ஸில் ஏறுவதற்கு உம்மா யோசித்த காலம் அது. ஏப்ரல் 4க்கும் 21க்கும் இடையில் யாரோ ஒருவர் அந்தக் கடிதத்தை உரிய முறையில் வாசித்திருந்தால், தேவாலயத்துக்குப் போன அந்தப் பிள்ளைகள் இன்று நம் வயதில் இருந்திருப்பார்கள். குற்றம் எதுவும் செய்யாத நமது சமூகமும் தலைகுனிந்து விளக்கம் சொல்லிக் கொண்டிருக்க நேர்ந்திராது. பிராந்தியப் புலனாய்வு ஒத்துழைப்பு என்பதை நமக்கு எதிரானதொன்றாகப் பார்ப்போர் நம்மிடையே இருக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சரியான தகவல், சரியான ஆளைப் பற்றி, சரியான நேரத்தில் கிடைத்தால் அப்பாவிகள் காப்பாற்றப்படுகிறார்கள். தகவல் இல்லாத இடத்தில்தான் ஒரு முழுச் சமூகத்தின் மீதும் சந்தேகம் விழுகிறது.

அதேவேளை, இரண்டாவது தூணில் உள்ள 'தீவிரமயமாதல்' என்ற சொல் எனக்கு நெருடுகிறது. பயங்கரவாதம் என்பது ஒரு செயல், நீதிமன்றத்தில் நிரூபிக்கலாம். தீவிரமயமாதல் என்பது ஒருவரின் மனதில் நடப்பது. அதை எதைக் கொண்டு அளப்பார்கள்? தாடியையும் அபாயாவையும் வைத்தா, வாசிக்கும் புத்தகத்தை வைத்தா? ஆறு நாடுகளில் ஆறு விதமான சட்டங்கள் இருக்கின்றன. ஒரு நாட்டில் அரசாங்கத்தை விமர்சிக்கும் பத்திரிகையாளர் இன்னொரு நாட்டின் பட்டியலில் சந்தேக நபராக வந்துவிடலாம். பெயர் ஒன்று தவறுதலாகப் பட்டியலில் ஏறினால் எங்கே போய் முறையிடுவது? இதற்கு விடை அந்த அரைப் பக்க அறிக்கைகளில் இல்லை.

சிறிய நாடுகளுக்கு இன்னொரு தயக்கமும் உண்டு. மேசையில் இருப்போருள் இந்தியா மிகப் பெரியது. சீனா அங்கே இல்லை, ஆனால் எல்லோர் நினைவிலும் இருக்கிறது. 2022 ஓகஸ்ட்டில் சீனாவின் 'யுவான் வாங் 5' கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்தபோது நம் அரசாங்கம் இரு பக்கமும் பட்ட பாட்டை அறிவோம். 2023 டிசம்பரில் மொரிஷியஸில் நடந்த ஆறாவது கூட்டத்துக்கு மாலைதீவு வரவேயில்லை. அதற்கு முந்திய மாதம்தான் முகம்மது முயிஸ்ஸு அங்கே ஜனாதிபதியாகப் பதவியேற்றிருந்தார். இந்தியப் படையினர் வெளியேற வேண்டும் என்பது அவரது தேர்தல் கோஷம். எட்டு மாதங்களின் பின், 2024 ஓகஸ்ட் 30ஆம் திகதி, மாநாட்டின் பட்டயமும் செயலகத்தைக் கொழும்பில் அமைப்பதற்கான புரிந்துணர்வு உடன்படிக்கையும் கைச்சாத்தானபோது மாலைதீவு கையெழுத்திட்டது. அன்று கையெழுத்திடாதது பங்களாதேஷ். டாக்காவில் ஆட்சி கவிழ்ந்து மூன்று வாரங்களும் சில நாட்களுமே ஆகியிருந்தன. ஒருவர் வரும்போது மற்றவர் போவது இத்தகைய பேச்சுகளின் இயல்பு போலும். நிரந்தரச் செயலகம் ஒன்று இருந்தால் அரசாங்கங்கள் மாறினாலும் கோப்புகள் மாறாமல் இருக்கும். அந்த ஒரு காரணத்துக்காகவே 2024இன் கையெழுத்தை மற்ற எல்லாக் கூட்டங்களிலும் பெரிதாக நான் மதிக்கின்றேன். சிறிய நாடு இவ்விடயத்தில் பேசாமல் இருந்ததும் இல்லை. இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக்க வேண்டும் என்று 1971இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையில் பிரேரணை கொண்டு வந்து நிறைவேற்றுவித்தது சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம்.

ஐந்தாவது தூணான அனர்த்த நிவாரணம் சோதனைக்கு உள்ளாக அதிக நாட்கள் எடுக்கவில்லை. புதுடில்லிக் கூட்டம் முடிந்து எட்டாம் நாள், 2025 நவம்பர் 28ஆம் திகதி, டித்வா புயல் நம் நாட்டைத் தாக்கியது. மலையகத்தில் மண்சரிவு, தாழ்நிலங்களில் வெள்ளம். 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். இந்தியா 'சாகர் பந்து' என்ற பெயரில் ஹெலிகொப்டர்களையும் மீட்புப் படையினரையும் நிவாரணப் பொருட்களையும் அனுப்பியது. பங்களாதேஷும் உதவியது. மாநாட்டில் இடம்பெறாத பாகிஸ்தானும் உதவியது. பகைமை பாராட்டும் இரு நாடுகளின் உதவியும் ஒரே வெள்ளத்துக்கு வந்து சேர்ந்தது. டித்வா என்ற பெயரைக் கொடுத்தது யெமன். வட இந்து சமுத்திரப் புயல்களுக்குப் பெயர் வைக்கும் பட்டியலை இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், ஈரான், சவூதி அரேபியா உட்பட 13 நாடுகள் சேர்ந்து தயாரித்திருக்கின்றன. பாதுகாப்பு என்றதும் துப்பாக்கியையே நினைக்கிறோம். இந்தப் பெயர்ப் பட்டியலும், 2004 சுனாமிக்குப் பின் இந்தியாவும் இந்தோனேசியாவும் அவுஸ்திரேலியாவும் பொறுப்பெடுத்து 2011இலிருந்து நடத்தும் சுனாமி எச்சரிக்கை ஏற்பாடும் பாதுகாப்பு ஒத்துழைப்பே. சுமாத்திராவில் நிலம் நடுங்கியதிலிருந்து கிழக்குக் கரைக்கு அலை வர ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் எடுத்தது. அந்த இரண்டு மணித்தியாலத்தில் மருதமுனைக்கும் கல்முனைக்கும் ஒரு வார்த்தை சொல்ல அன்று யாரும் இருக்கவில்லை.

எழுதி முடிக்கும் முன் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். வடக்கில் நம் மீனவரின் வலைகளை அறுத்துச் செல்லும் இந்திய இழுவைப் படகுகளின் பிரச்சினை இந்த ஐந்து தூண்களின் பட்டியலில் தனியாகப் பெயர் சொல்லி இல்லை. அது இந்தியாவும் இலங்கையும் தமக்குள் பேசும் விடயமாகவே வைக்கப்பட்டிருக்கிறது. பாக்குநீரிணையின் இரு கரையிலும் வலை போடுவோர் தமிழ் பேசும் ஏழைகள். அவர்களுக்கு இடையில் ஆண்டாண்டாகப் படகுகள் கைப்பற்றப்படுகின்றன, ஆட்கள் சிறை செல்கிறார்கள். கொழும்பில் அமையும் செயலகத்தின் மேசைக்கு அந்த வலைகளை யார் எடுத்துச் செல்வார்கள் என்று நான் விசாரித்த பெரியவர்கள் எவருக்கும் சொல்லத் தெரியவில்லை.